மறு: ‘வாழ்க்கைத் தரம்’ போதுமா? வெள்ளிக்குள் சொல் வேண்டும்

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம்.

நீதிமன்ற ஆணையால் மனநல வார்டில் இருக்கும் நோயாளிகள் தங்கள் வாழ்க்கை பற்றி நிரப்ப வேண்டிய நம் கேள்வித்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தமிழாக்கத்தில் சிக்கல் விழுந்த இரண்டு இடங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: ‘ஃபாரென்சிக் மென்டல் ஹெல்த்’, ‘குவாலிட்டி ஆஃப் லைஃப்’.

> ‘தடயவியல் மனநலம்’ வழக்கில் இருக்கிறதே, பிறகென்ன?

அக்கா, தடயம் குற்றம் நடந்த இடத்தில் கிடைப்பது. நம் தாளை நிரப்பப்போகிறவர் நீதிமன்ற ஆணையோடு வந்த நோயாளி. தலைப்பிலேயே அந்தச் சொல்லைப் பார்த்தால், எழுதுவதெல்லாம் வழக்குக்குப் போகும் என்று பயப்படுவார். வழக்குகளுக்காகப் பரிசோதிக்கும் மருத்துவரை இலங்கையில் ‘சட்ட வைத்திய அதிகாரி’ என்கிறார்கள். அந்த வழியில் ‘சட்டம்சார் மனநலம்’ என்பேன்.

> ‘ஃபாரென்சிக்’ என்பதன் இலத்தீன் மூலம் ‘ஃபோரம்’, அதாவது மன்று. மதுரைக்காஞ்சியிலேயே ‘அறங்கூறு அவையம்’ உண்டு. ‘அவைய உளநலம்’ என்க.

மூலம் சரிதான் ஐயா. ஆனால் நான் காட்டிய செவிலியர் அதை ‘அவயவ’ என்று, உடல் உறுப்பாக வாசித்தார்.

அடுத்தது ‘தரம்’. நம் முன்மாதிரியான உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்வித் தாளில் முதல் கேள்வியே இதுதான். “உங்கள் வாழ்க்கைத் தரம் எப்படி?” என்று கேட்டேன். “லாரி கிளீனருக்கு என்ன சார் தரம், நாள் கூலிதான்” என்றார் ஒருவர். வருமானத்தைக் கேட்பதாக எடுத்துக்கொண்டார். தன் நிலையைத் தானே எப்படிப் பார்க்கிறார் என்பதல்லவா அந்நிறுவனத்தின் வரையறை? ‘தரம்’ என்பதோ பிறர் போடுவது; நெல்லைத் தரம் பிரிப்பது நெல் அல்லவே. அதே தாளில் போக்குவரத்து வசதி திருப்தியா என்றும் ஒரு கேள்வி. பூட்டிய வார்டில் அதை வாசிக்கவே எனக்கு நா எழவில்லை.

> ‘பண்பும் பயனும் அது’ என்கிறது 45ஆம் குறள். ‘வாழ்க்கைப் பண்பு’ என்பதே பொருத்தம்.

இல்வாழ்க்கைக்கு அழகான சொல் ஐயா. கொலை வழக்கில் வந்தவரிடம் “உன் பண்பு எப்படி?” என்றால் அது விசாரணை. “உங்கள் வாழ்க்கை எவ்வளவு நல்லபடியாக இருக்கிறது?” என்று கேட்போமே. இதற்கு நான்கு பேர் சரி என்றிருக்கிறார்கள்.

---

தம்பிக்கு,

நோயாளிக்கு அந்த வாக்கியம் போதும், ஒப்புகிறேன். ‘சட்டஞ்சார்’ என்று புணர்த்தி எழுதுங்கள். ஆனால் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலும் அட்டவணையிலும் முழு வாக்கியத்தையா போடுவீர்கள்? அங்கே பெயர்ச்சொல் வேண்டும். ‘பண்பு’ என்பதை நான் இன்னும் விடவில்லை.