கார்ல் பார்த்தும் கால்வினும்: உங்களை விடாத ஓர் அனுபவம்

நூலகவாசி:
சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், இருபதாம் நூற்றாண்டின் சீர்திருத்தச் சபை இறையியலாளர் கார்ல் பார்த் கடைசியாக வாழ்ந்த வீடு இப்போது அவருடைய ஆவணக் காப்பகம் என்பதை இங்குள்ளோர் அறிவீர்கள். படிப்பறையில் பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வினின் படமும் மோட்சார்ட் படமும் ஒரே உயரத்தில் தொங்குவதாகப் படித்திருந்தும் நம்பாமல், குறிப்பேட்டின் விளிம்பைக் கண்ணுக்கு நேரே பிடித்து இரண்டையும் ஒப்பிட்டேன். ஆராதனையில் இசைக்கருவியே கூடாதென்ற கால்வினுக்குப் பக்கத்தில் ஒரு கத்தோலிக்க இசைமேதை எப்படி வந்தார் என்று கேட்க வாயெடுத்து, காப்பாளர் திரும்பியதும் விழுங்கிவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

பழைய மாணவன்:
இதில் உறுத்த என்ன இருக்கிறது? ஒரே உயரத்தில் மாட்டியதைப் பார்த்தே எழுதியிருக்கிறார். படத்தைவிட, 1922 ஜூன் 8 அன்று நண்பர் துர்னைசனுக்கு எழுதிய கடிதமே முக்கியம். ஜெர்மனியின் கேட்டிங்கனில், கால்வின் வழிவந்த சீர்திருத்தச் சபையின் இறையியலைக் கற்பிக்க 1921இல் சென்றபோது அந்தச் சபையின் விசுவாச அறிக்கைகள்கூடத் தம்மிடம் இல்லை என்று பின்னாளில் ஒப்புக்கொண்டவர், மறு கோடையில் கால்வினைப் பாடமாக எடுக்கும்போது, அவர் ஓர் அருவி, ஆதிக்காடு, இமயத்திலிருந்து நேரே இறங்கிய ஏதோவொன்று என்று திகைத்து எழுதுகிறார். எங்கள் ஆசிரியர் இதை வாசித்தபோது ‘இமயம்’ என்றதும் வகுப்பே சிரித்தது. அன்று மாலை ஒப்படைக்கவிருந்த கட்டுரையில் கால்வினை மூன்றே பத்திகளில் முடித்திருந்த எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

திண்ணை வாசகர்:
திரித்துவத்தை மறுத்ததற்காக, கால்வினின் ஆதரவோடு மரண தண்டனை பெற்ற செர்வேட்டசை இருவருமே மறந்துவிட்டீர்கள். 1553இல் அவர் எரிக்கப்பட்ட ஜெனீவாவின் சாம்பெல் பகுதியில், 1903இல் நட்ட நினைவுக்கல் முன் நின்றேன். நட்டவர்கள் தங்களைக் கால்வினின் நன்றியுள்ள பிள்ளைகள் என்று அழைத்துக்கொண்டே அவருடைய நூற்றாண்டுக்கே உரிய பிழை என்று அந்தச் செயலைக் கண்டித்தும் இருந்தார்கள். என் அனுபவம் இவ்வளவே.

படிக்கத் தொடங்குவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். கால்வினின் ‘கிறிஸ்தவ மார்க்க போதனை’யை 80 அதிகாரங்கள் கொண்ட 1559 பதிப்பில் தொடங்காதீர்கள், அதே பாசலில் 1536இல் அச்சான முதல் பதிப்புக்கு ஆறே அதிகாரங்கள். அடுத்து, கால்வினைப் பற்றிய பார்த்தின் 1922 விரிவுரைகளைப் படியுங்கள். ஆசிரியர் சொன்னதைத் திருப்பிச் சொல்பவன் நல்ல மாணவன் அல்லன் என்ற எண்ணம் அவற்றில் ஊடாடுகிறது. பிறகு 1559 பதிப்பின் மூன்றாம் புத்தகத்தில் 21 முதல் 24 வரையுள்ள முன்குறித்தல் (மனிதரின் முடிவைக் கடவுள் முன்பே தீர்மானித்தல்) அதிகாரங்களையும், தெரிந்துகொள்ளுதலைப் பற்றி, அதாவது கடவுள் தேர்ந்தெடுப்பதைப் பற்றி, 1942இல் வெளிவந்த பார்த்தின் ‘திருச்சபைக் கோட்பாட்டியல்’ பகுதியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சிலரை வாழ்வுக்கும் சிலரை அழிவுக்கும் கடவுள் நித்தியத்தில் தீர்மானித்தார் என்று கால்வின் கூறும் இடத்தில், தெரிந்துகொள்பவரும் தெரிந்துகொள்ளப்பட்டவரும் கிறிஸ்துவே என்று மாணவரான பார்த் ஆசிரியரான கால்வினை மறுக்கிறார். நூலகவாசி காப்பாளரிடம் அந்த மறுப்பைப் பற்றிக் கேட்டிருக்கலாம்.