புதுப்பிப்பு: அப்பத்தாவுக்குச் சர்க்கரைதான்

அப்பத்தா ராத்திரியில் நாலைந்து தடவை சிறுநீர் கழிக்க எழுந்து போகிறார், ரவிக்கை தொளதொளக்கிறது, கால்விரல் புண் ஒரு மாதமாக ஆறவில்லை என்று போன வாரம் எழுதியிருந்தேன். வீட்டில் "வயசானால் அப்படித்தான்" என்றார்கள்.

சர்க்கரையா என்று பாருங்கள் என நீங்கள் சொன்னபடி வெறும் வயிற்றில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தோம். சர்க்கரை அளவு 212. 126 தொட்டாலே சர்க்கரையாம். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.4 சதவீதம், எல்லை 6.5. அதாவது நேற்று வந்ததில்லை. போன வருஷம் கண் மங்கியபோது கண்ணாடியை மட்டும் மாற்றிக் கொடுத்தோமே, அதுதான் உறுத்துகிறது.

சிறுநீரகப் பரிசோதனை பார்த்துவிட்டு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். இந்த வயசில் சர்க்கரை ரொம்ப இறங்கி மயங்கி விழுந்தால் ஆபத்து, மெதுவாகக் குறைப்போம் என்றார் டாக்டர். சரி.

நேற்று காபிக்குக் கருப்பட்டி கேட்டார். அதுவும் சர்க்கரைதான் அப்பத்தா என்றதும் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டார்.