டெம்பரேச்சர் சென்சார் வாங்கிப் பட்ட அனுபவங்கள்: குளுவாங் பக்கத்து ஆலைக்காரர்கள் பகிருங்கள்

மில்மின்காரன்:
வணக்கம். ஜொகூர் மாநிலத்தில் குளுவாங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் 14 வருடமாக இன்ஸ்ட்ருமென்ட் வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் போன வாரம் பசியாறும்போது, "அண்ணே, இருக்கிறதிலேயே துல்லியமான சென்சார் எது?" என்று கேட்டார். என் பழைய கதை ஒன்றைச் சொன்னேன். இங்கும் எழுதுகிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள்.

எங்கள் டைஜெஸ்டரில் பழத்தை மசிக்கும்போது 90 முதல் 95 டிகிரி சூடு நிற்க வேண்டும். குறைந்தால் எண்ணெய் இளகாது, பிரஸ்ஸில் எவ்வளவு நசுக்கினாலும் நாரோடு போய்விடும். அங்கிருந்த சென்சார் கெட்டுப்போனதும் மேனேஜரிடம் மன்றாடி, விலை கூடின கிளாஸ் ஏ பிடி 100 வாங்க வைத்தேன். பிடி 100 என்பது பிளாட்டினம் சென்சார், சூடு ஏற ஏற அதன் ஓம் கூடும்; கிளாஸ் ஏ, பி என்பது துல்லியத்தின் தரம். 95 டிகிரியில் அதற்கு அனுமதித்த பிழை 0.34 டிகிரிதான். கிளாஸ் பி என்றால் 0.78. மாட்டினேன், பேனலில் 94 என்று ஆடாமல் நின்றது.

ஒரு வாரம் போயிருக்கும். பிரஸ் ஓட்டும் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, கீழே விழுந்த நாரில் ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்தார். விரலிடுக்கில் எண்ணெய் சிவப்பாக வழிந்தது. "உன் மீட்டர் 94ன்னு சொல்லுது, நாரு அப்படிச் சொல்லலையே" என்றார். முப்பது வருடம் நாரைப் பிழிந்த கை அது.

சென்சாரின் தலையைத் திறந்து வயரைக் கழற்றி, அங்கே ஒரு 100 ஓம் ரெசிஸ்டரை மாட்டினேன். பிடி 100-க்கு 100 ஓம் என்றால் 0 டிகிரி. பேனலோ 7.3 காட்டியது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பழைய இரண்டு கோர் கேபிளை நான் மாற்றவே இல்லை. 0.5 சதுர மில்லிமீட்டர் வயர், 40 மீட்டர் தூரம், போக வர 80 மீட்டர். அந்தச் செம்புக்கே ஏறக்குறைய 2.8 ஓம். ஒரு டிகிரிக்குச் சென்சாரில் மாறுவது 0.39 ஓம்தான். கேபிளின் ஓமையும் பேனல் சூடாகக் கணக்குப் போட்டுக்கொண்டது. உள்ளே நிஜமாக இருந்தது 87.

மூன்று கோர் கேபிள் இழுத்தோம். மூன்று வயரும் ஒரே தடிமன் என்றால் கேபிளின் ஓமைப் பேனலே கழித்துக்கொள்ளும். சென்சார் அதேதான், கணக்கு சரியாகிவிட்டது. முதலிலேயே கிளாஸ் பி வாங்கி, மிச்சக் காசில் கேபிள் போட்டிருந்தால் அந்த ஒரு வாரத்து எண்ணெய் நாரோடு பாய்லரில் எரிந்திருக்காது.

பாய்லர் அண்ணன்:
தம்பி, உங்களுக்குக் கேபிள் கூட்டிக் காட்டியது, எனக்குக் குறைத்துக் காட்டியது. பாய்லர் புகைவாயுவுக்கு நாங்கள் கே டைப் தெர்மோகப்பிள்தான் போடுவோம், இரண்டு வேறு உலோகக் கம்பிகளை முனையில் சேர்த்த சென்சார் அது. சூடும் அதிர்வும் தாங்கும். ஆனால் அதற்கென்று தனி வயர் உண்டு, பேனல் வரை அதுவே போக வேண்டும். எங்கள் குத்தகைக்காரர் வயர் பற்றாமல், வழியில் இருந்த பெட்டியிலிருந்து பேனல் வரை சாதாரணச் செம்பு வயரை ஒட்டுப் போட்டுவிட்டார்.

காலையில் பாய்லர் மூட்டும்போது சரியாக இருக்கும். மதியத்துக்குள் முப்பது டிகிரிக்கு மேல் குறைத்துக் காட்டும். மூன்று சென்சார் மாற்றிப் பார்த்தோம். கடைசியில் பெட்டியைத் திறந்தால் உள்ளே 58 டிகிரி, ஏர்கான் போட்ட பேனல் அறையில் 24. தெர்மோகப்பிள் வயர் தன் இரு முனைகளுக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தைத்தான் சொல்லும், செம்பு ஓடிய தூரத்தின் வித்தியாசம் அதில் சேராது. இடைப்பட்ட அந்த 34 டிகிரிதான் காணாமல் போயிருந்தது.

அப்புறம் நிறம். எங்கள் ஸ்டோரில் அமெரிக்க வயரும் கிடக்கும், ஐரோப்பிய வயரும் கிடக்கும். அமெரிக்க கே டைப்பில் மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். கரண்டு வேலை பழகியவர்கள் சிவப்பைப் பிளஸ்ஸில் செருகிவிடுவார்கள். சூடு ஏற ஏற மீட்டர் இறங்கினால் முதலில் அதைப் பாருங்கள். ஐரோப்பிய முறையில் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ்.

ஸ்டெரிலைசர் ஷிப்ட்:
எங்கள் கதை வேறு. பழக்குலையை நீராவியில் வேக வைக்கும் ஸ்டெரிலைசரில் பிரஷர் 3 பார் நின்றது. அந்தப் பிரஷருக்கு நீராவி 143 டிகிரியைத் தாண்டியிருக்க வேண்டும், அடியிலிருந்த சென்சார் 131-ஐ விட்டு நகரவில்லை. இரண்டு புதுச் சென்சார் மாற்றினோம், இரண்டும் 131. சென்சார் மீது குற்றமே இல்லை. உள்ளே காற்று முழுசாக வெளியேறாமல் நின்றிருக்கிறது. நீராவியைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கும். பிரஷர் மீட்டருக்குக் காற்றும் ஒன்றுதான், நீராவியும் ஒன்றுதான். குலையில் காய் உதிராமல் வந்தபோதே யோசித்திருக்க வேண்டும்.

தேயிலை மலைக்காரர்:
கேமரன் மலை, தானா ராத்தா. சென்சார் சரியா என்று கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன், 100-க்குப் பதில் 95 காட்டியது. கெட்டுவிட்டது என்று இரண்டு நல்ல சென்சார்களைக் குப்பையில் போட்டேன். இங்கே 1,440 மீட்டர் உயரம், தண்ணீர் 95-லேயே கொதிக்கும் என்று பிறகுதான் உறைத்தது. இப்போது ஐஸ்தான், மலையிலும் அது 0 டிகிரிதான். பிளாஸ்கில் பொடித்த ஐஸை நிறைத்து, இடுக்கு நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கிளறிவிட்டு வைப்பேன். தண்ணீர் கூடிப்போனால் ஐஸ் மிதந்து அடியில் 4 டிகிரி நிற்கும்.

புதுத்தம்பி:
அண்ணே, நான்தான் அந்தத் தம்பி. எண்ணெய் தெளியும் டேங்குக்கு நாளைக்கு ஆர்டர் போட வேண்டும். கிளாஸ் பி, மூன்று கோர் கேபிள் என்று எழுதிவிடவா?

மில்மின்காரன்:
எழுதலாம் தம்பி, நீளத்தை மட்டும் இப்போது எழுதாதே. அந்த டேங்கில் தெர்மோவெல் இருக்கிறது, சென்சாரைச் செருகும் அடி மூடிய உலோகக் குழாய். பழைய சென்சார் அடியைத் தொடாமல் நடுவிலேயே நின்றுகொண்டிருந்தது, முனையைச் சுற்றி வெறும் காற்று. அதனால்தான் ஆவி திறந்து வெகுநேரம் கழித்தே மீட்டர் அசைந்தது. முனை அடியில் அழுந்தி நிற்க வேண்டும், ஸ்பிரிங் வைத்தது கிடைத்தால் அதையே கேள். நாளைக் காலை முதல் வேலையாக ஒரு கம்பியை விட்டு தெர்மோவெல்லின் ஆழத்தை அளந்துகொண்டு வா, கம்பியில் மார்க்கர் கோடு போட்டே கொண்டு வா. அப்புறம் இரண்டு பேரும் ஸ்டோருக்குப் போகலாம்.