கிளட்சை மிதித்தால் நிற்கும் இரைச்சல்: கியர்பாக்ஸைப் பிரிக்கத்தான் வேண்டுமா?

கேள்வி

என்னிடம் 17 ஆண்டுகள் பழைய, முன்சக்கர இயக்கமும் 5 கியர்களும் கொண்ட பெட்ரோல் கார் உள்ளது. அது இதுவரை 1,60,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கிறது. சில மாதங்களாகக் கியர்பாக்ஸ் பக்கமிருந்து இரைச்சல் வருகிறது. வண்டி நின்றபடி நியூட்ரலில் ஓடும்போது உர்ரென்று ஒரு சத்தம் கேட்கிறது. கிளட்சை மிதித்தால் அடங்கிவிடுகிறது. சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டரைக் கடந்ததும் ஒரு முனகல் தொடங்கி, வேகம் கூடக் கூட உயர்கிறது. கியர்கள் தடையின்றி விழுகின்றன, எதுவும் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருவதில்லை. வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்த மெக்கானிக், கியர்பாக்ஸை இறக்கி எல்லா பேரிங்குகளையும் மாற்ற வேண்டும் என்கிறார். அதற்கு முன் நானே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் உண்டா?

பதில் 1

நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், ஒரே இரைச்சலை அல்ல, இரண்டு இரைச்சல்களை விவரிப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. அவற்றை ஒன்றாகக் கட்டிப் பார்ப்பதால்தான் முழுக் கியர்பாக்ஸும் குற்றவாளியாகிறது.

சத்தம் கேட்கும் நேரத்தில் எந்தெந்த உறுப்புகள் சுழல்கின்றன, எவை நிற்கின்றன என்பதுதான் கேள்வி. வண்டி நின்று, நியூட்ரலில், கிளட்ச் மிதிக்கப்படாமல் இருக்கும்போது என்ஜினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குள் கொண்டுவரும் தண்டான இன்புட் ஷாஃப்ட் என்ஜினோடு சேர்ந்து சுழல்கிறது. சக்கரங்களுடன் பிணைந்த அவுட்புட் ஷாஃப்ட் அசைவதில்லை. கிளட்சை மிதித்தவுடன் இன்புட் ஷாஃப்டும் ஓரிரு நொடிகளில் ஓய்ந்துவிடும். ஆகவே மிதித்தால் அடங்கும் சத்தம் பெரும்பாலும் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைச் சுட்டுகிறது. இதற்கு நேர்மாறாக, மிதிக்கும்போது சத்தம் தொடங்கினால், கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

சாலை முனகலுக்கு வேறொரு சோதனை. போக்குவரத்தற்ற, சமதளமான நேர்ச்சாலையில் முனகல் தெளிவாகக் கேட்கும் வேகத்தை எட்டிய பின், நியூட்ரலுக்கு மாற்றி, கிளட்சை மிதித்தபடியே வண்டியைச் சில நொடிகள் தன் போக்கில் உருளவிடுங்கள். என்ஜினை மட்டும் அணைத்துவிடாதீர்கள்; அணைத்தால் ஸ்டீயரிங்குக்கும் பிரேக்குக்கும் கிடைக்கும் துணைவிசை போய்விடும். அப்போதும் முனகல் மாறாமல் இருந்தால், அது இன்புட் ஷாஃப்டிலிருந்து வரவில்லை.

பதில் 2

மேலே சொன்ன முறை சரியே. ஆனால் மிதித்தால் சத்தம் நிற்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பேரிங் என்று தீர்ப்பளிக்க முடியாது. ஐட்லிங்கில் என்ஜினின் சுழற்சி ஒரே சீராக இருப்பதில்லை. ஒவ்வொரு வெடிப்புக்கும் சிறு உதறல் உண்டு. அந்த உதறலால், சுமையின்றிச் சுழலும் கியர்களின் பற்கள் ஒன்றோடொன்று மோதிக் கடகடக்கும். கிளட்ச் தட்டின் ஸ்பிரிங்குகள் தளர்ந்தாலும் இது கூடும். கிளட்சை மிதித்தால் இந்தச் சத்தமும் நின்றுவிடும் என்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். ஆக்ஸிலரேட்டரைச் சற்றே மிதித்து என்ஜின் வேகத்தை நிமிடத்துக்கு 1,500 சுற்றுகள் அளவுக்கு உயர்த்துங்கள். பற்களின் கடகடப்பு என்றால் பெரும்பாலும் மறைந்துவிடும். பேரிங் என்றால் அந்த உர்ரென்ற ஒலி சுருதி ஏறிக்கொண்டே போகும்.

இதற்கெல்லாம் முன்பே ஆயில் அளவைப் பார்த்திருக்க வேண்டும். பல கார்களில், சமதளத்தில் நிற்கும் வண்டியின் நிரப்பும் துளையைத் திறந்தால் ஆயில் அந்தத் துளையின் கீழ் விளிம்புவரை இருக்க வேண்டும். கீழே உள்ள வடிகால் திருகாணியைக் கழற்றும் முன் மேலே உள்ள நிரப்பும் திருகாணி கழல்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நான் ஒருமுறை ஆயிலை முழுவதும் வடித்த பிறகு, துருப்பிடித்து இறுகிய மேல் திருகாணியோடு ஒரு நாள் முழுவதும் போராடினேன். வடிகால் திருகாணியின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை படிந்திருப்பது இயல்பான தேய்மானம். விரலில் உறுத்தும் இரும்புச் செதில்கள் இருந்தால் பேரிங்கோ பல்லோ சிதைந்து வருகிறது. காந்தத்தில் ஒட்டாத பொன்னிறத் துகள்கள் ஆயிலில் மின்னினால், அவை கியர் மாற்றும்போது சுழற்சி வேகங்களை ஒன்றாக்கும் பித்தளை சிங்க்ரோ வளையங்களிலிருந்து வந்திருக்கும்.

புது ஆயிலைத் தேர்ந்தெடுக்கும்போது கையேட்டில் உள்ளதையே ஊற்றுங்கள். கியர் ஆயில் தரக்குறியீடுகளில் ஜிஎல்-5 என்பது ஜிஎல்-4ஐவிட உயர்ந்தது என்று எண்ணி ஊற்றுபவர்கள் பலர். ஆனால் அதில் கூடுதலாக உள்ள கந்தகச் சேர்மங்கள் சிலவகை பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். சில கார்களுக்குக் கியர் ஆயிலே அல்ல, என்ஜின் ஆயிலோ தானியங்கிக் கியர்பாக்ஸின் திரவமோதான் விதிக்கப்பட்டிருக்கும்.

கேட்டவரின் மறுமொழி

இரண்டையும் செய்து பார்த்தேன். நியூட்ரல் சத்தம், என்ஜின் வேகத்தை உயர்த்தினால் மறையாமல், கூடவே ஏறுகிறது. ஆயில் விளிம்பைவிட ஒரு விரற்கடை கீழே இருந்தது. காந்தத்தில் பசை மட்டுமே, செதில்கள் இல்லை. சாலையில் கிளட்சை மிதித்து நியூட்ரலில் உருளவிட்டபோது முனகல் சிறிதும் மாறவில்லை. இன்னொன்றையும் கவனித்தேன்: இடப்பக்கம் வளையும்போது அது உரக்கக் கேட்கிறது, வலப்பக்கம் வளைந்தால் ஏறத்தாழ நின்றுவிடுகிறது.

பதில் 3

கடைசி வாக்கியத்திலேயே விடை பெரும்பாலும் இருக்கிறது. இடப்பக்கம் வளையும்போது வண்டியின் எடை வலச்சக்கரங்களின் மீது சாய்கிறது. ஆகவே வலது சக்கர பேரிங்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முன்சக்கர இயக்கத்தில், வளைவில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியலின் பேரிங்கும் நியூட்ரலில் உருளும்போது சுழல்கிறது என்பதால் அதையும் விலக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அதன் ஒலி வளைவுக்கு ஏற்ப இவ்வளவு மாறுவதில்லை. வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றியபடி மறு கையைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மீது வையுங்கள். பேரிங் கெட்டிருந்தால் காதுக்குக் கேட்காத கரகரப்பும் ஸ்பிரிங் வழியாகக் கையில் தெரியும். பின்சக்கரத்தையும் பார்த்துவிடுங்கள், ஒலி வரும் திசையைக் காரின் உள்ளிருந்து கணிப்பது எளிதில் ஏமாற்றும்.

இன்புட் ஷாஃப்ட் பேரிங் தேயத் தொடங்கியிருப்பது உண்மைதான் என்று தோன்றுகிறது. ஆயினும் செதில்கள் இல்லாத நிலையில், சரியான ஆயிலை அளவாக நிரப்பி, ஆயில் எங்கே கசிந்தது என்பதைக் கண்டுபிடித்து அடைத்து, சத்தம் கூடுகிறதா என்று கவனித்து வரலாம். சக்கரத்தை இயக்கும் டிரைவ் ஷாஃப்ட் கியர்பாக்ஸுக்குள் நுழையும் இடத்து ஆயில் சீல்களிலிருந்து தேடத் தொடங்குங்கள். செதில்கள் தென்பட்டாலோ, சத்தம் எல்லாக் கியர்களிலும் பரவினாலோ தள்ளிப்போடாதீர்கள். கிளட்ச் தேய்ந்து எப்படியும் கியர்பாக்ஸை இறக்க வேண்டிவரும் நாளில் பேரிங்கையும் சேர்த்து மாற்றினால், அதே கூலி இருமுறை ஆகாது.

கேட்டவரின் மறுமொழி

வலது முன்சக்கரத்தைச் சுழற்றியபோது ஸ்பிரிங்கில் கரகரப்பு தெளிவாகத் தெரிந்தது. மற்ற மூன்றும் வழுவழுவென்று சுழன்றன. அந்த பேரிங்கை மாற்றியதும் சாலை முனகல் முற்றிலும் போய்விட்டது. இடது டிரைவ் ஷாஃப்ட் சீலில் ஈரம் இருந்தது, அதையும் மாற்றிப் புது ஆயில் நிரப்பினேன். நியூட்ரலில் வரும் உர்ரென்ற சத்தம் சற்றுக் குறைந்து இன்னும் இருக்கிறது.