பொருள்: வளவு முழுக்கக் குடியோட்டி. ஜேசிபி வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம்.

சிவராத்திரிக்கு ஊருக்குப் போன என் ஆச்சி மகன் அனுப்பிய படங்களைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மேலவீட்டு வளவு வாசலில், ஐயா சாய்வு நாற்காலி போடும் இடத்தில், முழங்கால் உயரத்துக்குக் குடியோட்டி என்ற முள்செடி. ஆத்தங்குடிக் கல் பெயர்ந்த இடமெல்லாம் மஞ்சள் பூ. ஊருணிக் கரையிலும் அதுதான்.

கோலாலம்பூர் அண்ணே, அது பிரமத்தண்டு, காலங்காலமாக இருக்கும் மூலிகைதானே என்று எழுதியிருந்தீர்கள். அது மெக்சிகோப் பக்கத்துச் செடி. 1753-இல் லின்னேயஸ் வைத்த ஆர்கிமோன் மெக்சிகானா என்ற பேரிலேயே அந்த நாடு இருக்கிறது. முள்ளுக்குப் பயந்து ஆடு மாடு வாய் வைக்காது, அதனால் தரிசு, ரோட்டோரம், பூட்டின வீடு என்று எங்கும் பிடித்துக்கொண்டது. விதை அசல் கடுகு மாதிரி இருக்கும். 1998-இல் டில்லியில் கடுகெண்ணெயில் இந்த விதை எண்ணெய் கலந்து, உடம்பு நீர்கோத்து 60 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். காவல்காரர் பிள்ளைகள் அந்த வாசலில்தான் விளையாடுகிறார்கள்.

சரி, பணம். ஜேசிபி விட்டு வழிக்கலாம் என்று புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, 3,000 கேட்கிறீர்கள். நானும் தருகிறேன், ஆனால் ஜேசிபிக்குத் தர மாட்டேன். காய் முற்றினால் நுனி பிளந்து விதை கொட்டும். அது மண்ணில் வருசக்கணக்கில் கிடந்து முளைக்கும். போன தடவை ஜேசிபி விட்டு மண்ணை வழித்து, ஊருணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் ஓரம் கொட்டினீர்கள், இப்போது ஊருணி அந்தக் கதியில் இருக்கிறது. அந்தச் செலவுக் கணக்கும் இன்னும் வரவில்லை. அப்பச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் மறக்காமல் அனுப்பச் சொன்ன பணம் அது.

பங்குனி பிறக்குமுன் கையுறை போட்ட ஆட்களை விட்டு வேரோடு பிடுங்கி, காயைச் சாக்கில் கட்டி எரிக்க வேண்டும். அடுத்த இரண்டு மூன்று வருசத்துக்கும் மழை முடிந்ததும் பிடுங்கக் கூலி ஒதுக்குங்கள்.

சிங்கப்பூர் ஆச்சி, படத்தைப் போட்டது ஊருக்கு அசிங்கம் என்கிறீர்கள். எனக்கும்தான் வலிக்கிறது. குடியில்லாத வீட்டுச் செடி என்று, வாசலில் ஒன்று தலைகாட்டினாலும் ஆயா அன்றைக்கே ஆள் கூப்பிட்டுப் பிடுங்கிப்போடுவார்கள்.

மேலவீட்டு இரண்டாங்கட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது? பங்காளிப் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். இந்த வாரத்துக்குள் கதவு திறந்தாக வேண்டும்.