ஒன்பதா, பத்தா, பதினொன்றா: எலெக்ட்ரிக் கிட்டாருக்குக் கம்பித் தடிமனைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கேள்வி: மூன்றாங்கம்பி

அனைவருக்கும் வணக்கம். 25.5 அங்குல ஸ்கேல் நீளமுள்ள (கம்பியின் அதிரும் பகுதியின் நீளம்) எலெக்ட்ரிக் கிட்டாரில் சில ஆண்டுகளாக 9-42 செட் (மெல்லிய முதல் கம்பியின் தடிமன் எண் 9, தடித்த ஆறாம் கம்பியினுடையது 42) போட்டு வாசித்து வந்தேன். பெரும்பாலும் புளூஸ், கொஞ்சம் ராக். என்னோடு வாசிக்கும் நண்பர்களுக்கு என் கம்பிகள் எப்போதுமே ஒரு கேலிப்பொருள். ஒன்பது செட் என்பது விரல் பழகாதவர்களுக்கானது, உண்மையான நாதம் வேண்டுமென்றால் பதினொன்றுக்கு ஏறியே ஆக வேண்டும் என்பது அவர்களுடைய கட்சி. அண்மையில் 11-48 செட்டுக்கு மாறிவிட்டேன். கார்டுகள் (பல சுரங்களைச் சேர்த்து) வாசிக்கும்போது ஒரு திண்மை கிடைப்பது உண்மைதான். ஆனால் இரண்டாம் கம்பியில் எட்டாம் ஃப்ரெட்டை (கழுத்தின் குறுக்கே உள்ள உலோக மெட்டு) பிடித்து ஒரு முழுச்சுரம் பெண்ட் செய்தால் (கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்றினால்), பத்தாம் ஃப்ரெட்டின் சுருதியைத் தொடுவதற்குள் விரல் தளர்ந்துவிடுகிறது. தொட்டாலும் அங்கே நின்று வைப்ராட்டோ கொடுக்க (சுரத்தை அசைக்க) முடிவதில்லை. தொடர்ந்து வாசித்தால் மணிக்கட்டிலும் வலி தெரிகிறது.

நான் கேட்க விரும்புவது இரண்டு. நாதத்தின் பெரும்பகுதி கம்பியின் தடிமனில்தான் இருக்கிறது என்பது எவ்வளவு தூரம் உண்மை? கை பழகும் வரை பொறுத்துக்கொண்டு இதிலேயே தொடர வேண்டுமா, அல்லது இறங்கிவிடலாமா?

பதில் 1: பழையஃப்ரெட்

நண்பருக்கு வணக்கம். மணிக்கட்டு வலிக்கும்போது வாசிப்பதை முதலில் நிறுத்துங்கள். விரல் நுனி எரிவது காய்ப்பு ஏறியதும் போய்விடும். மணிக்கட்டு வலி அந்த வகையைச் சேர்ந்ததன்று.

தடித்த கம்பி என்றால் வீரம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அதில் பெரும்பங்கு புளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வாகனுடைய புகழுக்கு உண்டு. அவர் முதல் கம்பியாகப் பதின்மூன்று போட்டு வாசித்தார் என்பதை எல்லாரும் சொல்வார்கள். அதே மூச்சில் சொல்ல வேண்டிய இன்னொன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: அவர் கிட்டார் முழுவதையும் அரைச்சுரம் இறக்கி, ஈ ஃபிளாட்டில் வைத்திருந்தார். அப்படி இறக்கினால் இழுவிசை ஏறத்தாழ 11 விழுக்காடு குறையும். அவருடைய பதின்மூன்று, சாதாரணச் சுருதியில் பன்னிரண்டைச் சற்றே தாண்டிய கம்பியைப் போலத்தான் விரலுக்குப் பட்டிருக்கும். அதுவும் சாமானியமான விசையன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். விரல் நுனித் தோல் கிழிந்து, பசை வைத்து ஒட்டிக்கொண்டு அவர் மேடையேறியதும் பிற்காலத்தில் தடிமனைக் குறைத்ததும் அந்த விசையின் விளைவுதான். பின்பற்றுகிறவர்கள் பதின்மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

மறுபுறத்தையும் பாருங்கள். பிளாக் சபாத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி இடதுகைக்காரர். பதினேழு வயதில் பர்மிங்ஹாம் நகரத் தொழிற்சாலையில் நேர்ந்த விபத்தில் வலதுகையின் நடுவிரல், மோதிரவிரல் ஆகிய இரண்டின் நுனிகளையும் இழந்தார். அவர் ஃப்ரெட்டைப் பிடிக்கும் கை அதுதான். விரல்களுக்குத் தாமே உறை செய்து மாட்டிக்கொண்ட பிறகும் வழக்கமான கம்பிகளை அவரால் தள்ள முடியவில்லை. மெல்லிய செட்டுகள் எளிதில் கிடைக்காத காலம் ஆகையால் பான்ஜோ கம்பிகளைக் கிட்டாரில் பூட்டினார். பின்னர் சுருதியை மூன்று அரைச்சுரம் வரை இறக்கி விசையை இன்னும் தளர்த்தினார். ஹெவி மெட்டல் என்று உலகம் பெயரிட்டு அழைக்கிற அந்தக் கனமான ஓசை, தளர்ந்த மெல்லிய கம்பிகளிலிருந்து பிறந்தது. உங்கள் நண்பர்களிடம் இதைக் கேட்டுப்பாருங்கள்.

ராக் கிட்டார் கலைஞர் பில்லி கிப்பன்ஸ் இன்னொரு சான்று. தடித்த கம்பிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த இளமைக் காலத்தில், எதற்காக இவ்வளவு பாடுபடுகிறாய் என்று புளூஸ் மேதை பி. பி. கிங் தம்மிடம் கேட்டதாக அவர் பல நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். இப்போது அவர் போடுவது ஏழு. அவருடைய ஓசையை மெலிந்தது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்னும் ஒன்று. 1960களின் தொடக்கம் வரை கடைகளில் கிடைத்த செட்டுகளில் பெரும்பாலும் மூன்றாம் கம்பி, மேலே மெல்லிய உலோகச் சுருள் சுற்றியதாகவும் தடித்ததாகவும்தான் இருந்தது. பெண்ட் செய்ய விரும்பிய அமெரிக்க இசைஞர்கள் முதல் கம்பியின் இடத்தில் பான்ஜோ கம்பியைப் போட்டு, மற்றவற்றை ஒவ்வோர் இடம் தள்ளிப் பூட்டிக்கொண்டார்கள். அந்தத் தேவையைக் கண்டுகொண்டு கலிஃபோர்னியாவில் கடை வைத்திருந்த எர்னி பால் மெல்லிய செட்டுகளை விற்கத் தொடங்கினார். ஆக, மெல்லிய கம்பி கற்றுக்குட்டிகளுக்காகச் செய்யப்பட்டதன்று. கைதேர்ந்தவர்கள் கேட்டு வாங்கியது.

பதில் 2: இழுவிசை

மேலே உள்ளவர் வரலாற்றைச் சொல்லிவிட்டார். நான் கணக்கைச் சொல்கிறேன். நாதத்தைப் பற்றிய வாதங்களில் பாதி, இந்தக் கணக்கு தெரிந்தால் எழாது.

கம்பியின் எண் என்பது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கில் அளந்த அதன் விட்டம். ஒரே நீளம், ஒரே சுருதி, ஒரே உலோகம் என்று வைத்துக்கொண்டால், இழுவிசை விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். உங்கள் ஸ்கேல் நீளத்தில் சாதாரண ஈ சுருதிக்கு முதல் கம்பி ஒன்பதானால் ஏறத்தாழ 5.9 கிலோ, பத்தானால் 7.3 கிலோ, பதினொன்றானால் 8.9 கிலோ விசையில் நிற்கும். எண்ணில் இரண்டே படிதான் ஏறினீர்கள். விரலுக்கு வந்த சுமையோ ஒன்றரை மடங்கு. இதை அறியாமல்தான் பலர் ‘இரண்டு எண் தானே’ என்று தாண்டிவிடுகிறார்கள்.

ஸ்கேல் நீளமும் இதில் சேரும். அதே பத்து செட்டை 24.75 அங்குலக் கிட்டாரில் பூட்டினால் விசை ஆறு விழுக்காடு அளவுக்குக் குறையும். பதினொன்று சுகமாக இருக்கிறது என்று சொல்லும் நண்பர் குறுகிய ஸ்கேல் கிட்டார் வைத்திருக்கிறாரா, அரைச்சுரம் இறக்கி வாசிக்கிறாரா என்று விசாரித்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்தால் அவருடைய பதினொன்று ஏறத்தாழ உங்கள் பத்தின் அளவுக்கே வந்து நிற்கும். சுருதியையும் ஸ்கேலையும் சொல்லாமல் தடிமனை மட்டும் சொல்வது அரைத் தகவல்.

பெண்ட் செய்வதைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு: மெல்லிய கம்பியைக் குறைந்த தூரம் தள்ளினால் போதும் என்பது அது. சுருள் சுற்றாத கம்பிகளைப் பொறுத்தவரை, ஒரே சுருதியில் நிற்கும் மெல்லியதும் தடித்ததும் தம் குறுக்குவெட்டின் ஒவ்வோர் அலகிலும் ஒரே அளவு விசையைத்தான் தாங்குகின்றன. ஆகவே ஒரு முழுச்சுரம் ஏற்றத் தள்ள வேண்டிய தூரம் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே. தள்ளுவதற்கான விசைதான் வேறு. அதே காரணத்தால், சும்மா சுருதியில் நிற்கும்போது ஒன்பது அறுந்துவிடும் விளிம்பிலும் பதினொன்று பத்திரமான இடத்திலும் இருப்பதாக நினைப்பதும் சரியன்று. மெல்லிய கம்பி சீக்கிரம் அறுவதற்குக் காரணம் பிக்கின் (கம்பியை மீட்டும் சில்லு) அடியும், பிரிட்ஜில் (கிட்டாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) அது உராயும் இடமும்தான்.

இனி நாதம். தடித்த கம்பியில் பிக்கப்பின் (கம்பியின் அசைவை மின்சைகையாக மாற்றும் காந்தக் கருவி) காந்தப்புலத்துக்குள் அசையும் எஃகு அதிகம், அதனால் ஓசை சற்று உரக்க வரும். அதன் விறைப்பும் அதிகமாதலால் மேற்சுரங்கள் (அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த சுரங்கள்) அடிச்சுரத்தின் சரியான மடங்குகளிலிருந்து கொஞ்சம் மேலே விலகி நிற்கும். வேறுபாடு இருக்கிறது, காதுள்ளவர் யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஒன்பதிலிருந்து பத்துக்குப் போகும்போது கிடைக்கும் கூடுதல் உரப்பை, பிக்கப்பின் உயரத்தையோ ஆம்ப்ளிஃபயரின் குமிழையோ சற்றுத் திருகினால் பெற்றுவிடலாம். பிக்கைப் பிடிக்கும் விதமும் அடிக்கும் இடமும் மாற்றுகிற அளவுக்குத் தடிமன் நாதத்தை மாற்றுவதில்லை என்பது என் கருத்து.

பதில் 3: கனத்தகை

மேலுள்ள இருவரும் சொன்னதில் பிழையில்லை. ஆனாலும் தடித்த கம்பி போடுகிறவர்கள் எல்லாரும் ஏதோ வீராப்புக்காகப் போடுவதைப் போன்ற தொனியை ஏற்க மாட்டேன். நான் பன்னிரண்டுக்காரன், ஏன் என்று சொல்கிறேன்.

கையின் கனம் என்று ஒன்று இருக்கிறது. பிக்கால் ஓங்கி அடிக்கிறவருக்கு மெல்லிய கம்பி அடித்த கணத்தில் சுருதி மேலே எகிறி, பிறகு மெதுவாக இறங்கி நிலைக்கும். சுருதி காட்டும் ட்யூனர் கருவியில் முள் ஆடுவதைப் பார்த்தாலே தெரியும். இடதுகை அழுத்தமாகப் பிடிக்கிறவருக்கும் அதே கதைதான்: ஃப்ரெட்டுகளுக்கு இடையே கம்பி பலகையை நோக்கி அமுங்கி, கார்டின் ஒவ்வொரு சுரமும் ஒவ்வோர் அளவில் ஏறிவிடும். ‘மெதுவாக வாசிக்கக் கற்றுக்கொள்’ என்று சொல்வது எளிது. ரிதம் கிட்டார் வாசிக்கிறவருக்கு அந்த அடிதான் தொழில். கம்பி திருப்பித் தள்ளினால்தான் அந்தக் கை நிதானமாகும்.

பெண்ட் அறவே செய்யாத இசையும் இருக்கிறது. ஜாஸ் வாசிப்பவர்களில் பலர் ஃபிளாட்வவுண்ட் (தட்டையான பட்டை சுற்றிய கம்பி) பன்னிரண்டோ பதின்மூன்றோ போட்டு, மூன்றாம் கம்பியையும் சுருள் சுற்றியதாகவே வைத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. சுற்றாத தடித்த மூன்றாம் கம்பிதான் செட்டிலேயே சுருதிக்கு அடங்காத பிள்ளை; சுற்றியதைப் போட்டால் கார்டு ஒன்றிப் பேசும். கம்பியின் மேல் குழாயை நகர்த்தி ஸ்லைடு வாசிப்பவருக்கும் தடிமன் வேண்டும், இல்லையேல் கண்ணாடிக் குழாயின் எடையிலேயே கம்பி அமுங்கி ஃப்ரெட்டில் தட்டும். சுருதியை இறக்கி வாசிப்பவர்களுக்கோ தடிமன் ஒரு விருப்பமன்று, தேவை: முழுவதையும் ஒரு முழுச்சுரம் இறக்கி ‘டி’யில் வைத்தால், பதினொன்று சாதாரணச் சுருதியில் நிற்கும் பத்தைவிடக் கொஞ்சம் தளர்வாகவே இருக்கும்.

கேள்வி கேட்டவர் புளூஸ் வாசிக்கிறவர், பெண்டை நம்பி வாசிக்கிறவர். அவருக்குப் பதினொன்று கட்டாயமில்லை என்பதில் எனக்கும் மாறுபாடு இல்லை. சுருதியை எட்டாத பெண்டுக்கு எந்தத் தடிமனும் நாதம் தராது. பத்தாம் ஃப்ரெட்டை முதலில் ஒலித்து, காதில் வாங்கிக்கொண்டு, எட்டிலிருந்து தள்ளிப் பார்க்கும் உங்கள் சோதனை மிகச் சரியானது. நாளின் இறுதியில், கை களைத்திருக்கும் நேரத்தில், எந்தச் செட்டில் அந்தச் சுரத்தைத் தொட்டு, அங்கேயே நின்று அசைக்க முடிகிறதோ அதைப் போடுங்கள். காலையில் புதிய கையோடு சோதிப்பது நம்மை ஏமாற்றும்.

கேள்வி கேட்டவர்: மூன்றாங்கம்பி

மூவருக்கும் மிக்க நன்றி. விசாரித்தேன், பதினொன்றை வலியுறுத்திய நண்பர் 24.75 அங்குலக் கிட்டாரில், அரைச்சுரம் இறக்கித்தான் வாசிக்கிறார்! 10-46 செட்டுக்கு இறங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். கம்பியை மட்டும் மாற்றினால் போதுமா, வேறு ஏதேனும் பார்க்க வேண்டுமா? என்னிடம் அகூஸ்டிக் கிட்டார் ஒன்றும் இருக்கிறது. அதற்கும் இதே கணக்குத்தானா?

பதில் 4: பட்டறைக்காரர்

கிட்டார் பழுதுபார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். தடிமன் பிடிக்கவில்லை என்று சொல்லி வருகிறவர்களில் பலருடைய கிட்டாரில் குறை கம்பியில் இருப்பதில்லை. ஒன்பதுக்கு வெட்டிய நட்டில் (கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் அமரும் பள்ளங்கள் உள்ள துண்டு) பதினொன்றைத் திணித்திருப்பார்கள். பள்ளம் கம்பியைக் கவ்விக்கொள்ளும்; சுருதி கூட்டும் சாவியைத் திருப்பும்போது முதலில் ஒன்றும் நடக்காது, பிறகு ‘டிங்’ என்ற ஒலியோடு சுருதி ஒரேயடியாகத் தாவும். பெண்ட் செய்துவிட்டுத் திரும்பினால் கம்பி பழைய சுருதிக்கு வராது. உங்களுக்கும் இது நடந்திருக்கக்கூடும். பத்துக்கு இறங்கினாலும் நட்டைப் பார்த்துவிடுங்கள். கவ்வுதல் சிறிதாக இருந்தால் பென்சில் கரியைப் பள்ளத்தில் தடவினாலே போதும், மிகுதியாக இருந்தால் அந்தந்தத் தடிமனுக்குரிய அரத்தால் திறந்துவிட வேண்டும். அரத்தைக் கீழ்நோக்கி அழுத்தாதீர்கள். பள்ளம் ஆழமாகிவிட்டால் திறந்த கம்பி முதல் ஃப்ரெட்டில் தட்டும்.

இழுவிசை குறைந்ததும் கழுத்து பின்னோக்கி நிமிரும். முதல் சில ஃப்ரெட்டுகளில் மட்டும் இரைச்சல் வந்தால் அதுதான் காரணம். ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டு) கால் சுற்றுக்கு மேல் போகாமல் தளர்த்தி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். மிதக்கும் ட்ரெமலோ (ஸ்பிரிங் விசையில் நிற்கும், அசைக்கக்கூடிய பிரிட்ஜ்) உள்ள கிட்டாரானால், பின்புறத்து ஸ்பிரிங் விசை இப்போது மிகையாகி பிரிட்ஜ் உள்ளே இறங்கியிருக்கும். ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் இரு திருகுகளையும் சமமாகத் தளர்த்தி, அது பழைய மட்டத்துக்கு வரும் வரை சுருதியைத் திரும்பத் திரும்பக் கூட்ட வேண்டும். இன்டோனேஷன் (கழுத்து முழுவதும் சுருதி சரியாக அமைவது) எல்லாவற்றுக்கும் கடைசியில். பன்னிரண்டாம் ஃப்ரெட்டைப் பிடித்த சுரம் அதே இடத்து ஹார்மோனிக்கைவிட (கம்பியை அழுத்தாமல் தொட்டு எழுப்பும் ஒலி) ஏறி ஒலித்தால் சேடிலை (பிரிட்ஜில் கம்பி அமரும் துண்டு) கழுத்திலிருந்து விலக்குங்கள், இறங்கி ஒலித்தால் கழுத்தை நோக்கி நகர்த்துங்கள்.

அகூஸ்டிக்கில் விசைக் கணக்கு அதேதான், விளைவு வேறு. அங்கே பிக்கப்பும் ஆம்பும் இல்லை. மேற்பலகையை அசைப்பது கம்பிகளின் விசையே ஆகையால், தடிமனைக் குறைத்தால் ஓசையின் அளவு குறைவது நன்றாகவே தெரியும். 12-53 செட்டின் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ விசையோடு பலகையை இழுக்கின்றன. 13-56 ஆனால் 80 கிலோவைத் தாண்டும். உங்கள் கிட்டாரின் தயாரிப்பாளர் குறிப்பிட்டிருக்கும் தடிமனை மீறி ஏறாதீர்கள். பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை உப்புவதும், பிரிட்ஜின் பின்விளிம்பு பசைவிட்டு எழுவதும் அப்படித்தான் தொடங்குகின்றன. அந்த விளிம்பின் அடியில் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள்; உள்ளே போகுமானால் கம்பிகளை உடனே தளர்த்திவிட்டு யாரிடமாவது காட்டுங்கள். உங்களுடையது நைலான் கம்பி போடும் கிளாசிக்கல் கிட்டார் என்றால், எஃகுக் கம்பி எந்தத் தடிமனிலும் ஆகாது. அந்தப் பலகை 40 கிலோ அளவுள்ள விசைக்காகச் செய்யப்பட்டது. அதற்கான செட்டுகளை நார்மல் டென்ஷன், ஹார்ட் டென்ஷன் என்று இழுவிசையைக் குறிப்பிட்டே விற்கிறார்கள்.