உதவி: திசைகாட்டி தப்பாகக் காட்டுகிறது, நாளை மலையேற்றம்

திசைதேடி:
நண்பர்களே, அவசரம். விடிகாலையில் கிளம்ப வேண்டும். திசைகாட்டி தப்பாகக் காட்டுகிறது. தட்டியும் பார்த்துவிட்டேன், குலுக்கியும் பார்த்துவிட்டேன். என்ன செய்யலாம்?

மலைக்காற்று:
தப்பு என்றால் எவ்வளவு? பத்து டிகிரியா, நேர் எதிரா? திரவம் நிரப்பியதா? தப்பென்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

நிலவரை:
காந்த ஒதுக்கமாகத்தான் இருக்கும். ஊசி காட்டுவது காந்த வடக்கு, வரைபடத்தில் இருப்பது புவியியல் வடக்கு. இடைப்பட்ட கோணம் வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும். பழைய வரைபடம் என்றால் நம்ப வேண்டாம். காந்தத் துருவம் நகர்ந்துகொண்டே இருப்பதால் இந்தக் கோணத்தைக் கணிக்க உதவும் உலகக் காந்த மாதிரியை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள்.

வானவில்:
பூமியின் காந்தத் துருவங்கள் இடம் மாறப்போவதாகப் படித்தேனே, அதன் தொடக்கமோ?

பழையமாலுமி:
கடைசியாக மாறியது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன். இப்போது மாறினால் இவர் ஒருவருக்கு மட்டுமா மாறும்? கேள்வி கேட்பவரும் கொஞ்சம் யோசித்துக் கேட்கலாம். என்ன கருவி என்றுகூடச் சொல்லவில்லை.

திசைதேடி:
மன்னிக்கவும். நேர் எதிர். காலையில் சூரியன் உதித்த பக்கத்தை மேற்கு என்றது. திரவம் உண்டு, சின்னக் குமிழியும் உண்டு. பையில் போனோடு ஒரே அறையில் ஒரு மாதம் கிடந்தது.

நிலவரை:
குமிழி ஊசியைத் தடுக்கிறதோ?

மலைக்காற்று:
தடுத்தால் ஊசி சிக்கும், நேர் எதிராகத் திரும்பாது. போன் உறையில் மூடியை ஒட்டவைக்கும் காந்தம் இருக்கிறதா? அதுதான் காரணம். பூமியின் காந்தப்புலம் தரையில் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லாதான். உறைக்காந்தம் ஒட்டினாற்போல இருந்தால் அதைவிட நூறு மடங்குக்கும் மேல். ஊசியின் முனைகளே மாறிவிட்டன.

ஒரு சட்டக்காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். தெற்கே நிற்கும் முனையில் குறி போடுங்கள். திசைகாட்டியைச் செங்குத்தாகச் சாய்த்து, ஊசி சுழலாமல் ஓரத்தில் ஒட்டி நிற்கும்போது, குறி போட்ட முனையை ஊசியின் நடுவிலிருந்து, வடக்கைக் காட்ட வேண்டிய சிவப்பு நுனிவரை இழுத்துத் தூக்குங்கள். திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

பழையமாலுமி:
தென்முனையை வைத்து வடமுனையா? புதியவரைக் குழப்புகிறீர்கள்.

மலைக்காற்று:
ஐயா, எதிர் முனைகள்தானே ஈர்க்கும். தேய்ப்பு முடியும் நுனி, தேய்த்த முனைக்கு எதிராக அமையும். பூமியிலும் அதே கதைதான். வடக்கே இருப்பது காந்த இயல்பில் தென்முனை.

பழையமாலுமி:
1831இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் என்ற கடலோடி வடக்கே போய்க் கண்டதை உலகமே வடகாந்தத் துருவம் என்கிறது.

மலைக்காற்று:
பெயர் அதுதான், மறுக்கவில்லை. நான் சொல்வது இயல்பை.

வானவில்:
ஊசி செங்குத்தாகக் கீழ்நோக்கி நின்ற இடம்தானே அது?

பழையமாலுமி:
ஏறக்குறைய. கிடைமட்டத்திலிருந்து ஊசியின் சரிவு 89 டிகிரியைத் தாண்டியிருந்தது.

திசைதேடி:
உறையில் காந்தம் இருந்தது. நாலாவது இழுப்பில் ஊசி சுழன்று திரும்பிவிட்டது. இப்போது சூரியன் இறங்கும் பக்கம் மேற்கு. நன்றி, பை கட்டப் போகிறேன்.

மலைக்காற்று:
ஊசியை நாலைந்து தடவை ஆட்டிவிட்டு, ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வந்து நிற்கிறதா பாருங்கள். நிற்கவில்லை என்றால் வேறு திசைகாட்டி வாங்கிக்கொண்டு போங்கள்.